நியாயம் எங்கே இருக்கிறது?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: "மனிதன் தன் லாபத்தை மட்டுமே பார்ப்பான் என்று பொருளாதாரப் பாடம் சொல்கிறது. ஆனால் சோதனைகளில் மக்கள் நியாயம் பேசி, கைக்கு வந்த பணத்தையே வேண்டாம் என்கிறார்களாம். அப்படியானால் மனிதன் இயல்பிலேயே நியாயவானா? ஆய்வுக்கூடத்தில் சில்லறைக் காசுக்கு ஆடுகிற ஆட்டத்தை வைத்து இப்படியெல்லாம் முடிவு கட்டலாமா?"

முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பழைய பாடம் தோற்றுவிட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது தோற்றதால் மனிதன் நியாயவான் என்று ஆகிவிடாது. நாற்பது ஆண்டுச் சோதனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது வேறொன்று. உயரம், எடை மாதிரி ஒருவருக்குள் இவ்வளவு நியாயம் என்று நிலையான அளவு ஏதும் இல்லை. எதிரில் இருப்பவர் என்ன நினைத்துச் செய்தார், மற்றவர்கள் என்ன செய்கிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்ற மூன்றையும் மாற்றிவிட்டால் அதே ஆள் வள்ளலும் ஆவார், கஞ்சனும் ஆவார்.

எல்லாம் 1982-ல் வெளிவந்த ஓர் ஆய்விலிருந்து தொடங்குகிறது. ஜெர்மனியில் கொலோன் பல்கலைக்கழகத்தில் வெர்னர் கியூத்தும் இரண்டு சகாக்களும் செய்தது. இப்போது அதை அல்டிமேட்டம் ஆட்டம் என்கிறார்கள். இரண்டு பேர், யார் யாரோடு ஆடுகிறார் என்று தெரியாது. ஒருவரிடம் ஒரு தொகை தரப்படும், 100 என்று வைத்துக்கொள்வோம். அதை எப்படிப் பிரிப்பது என்று அவர் சொல்ல வேண்டும். மற்றவர் சரி என்றால் சொன்னபடி பிரியும். வேண்டாம் என்றால் இருவருக்கும் பூஜ்ஜியம். பேரம் கிடையாது, இரண்டாவது வாய்ப்பும் கிடையாது.

லாபக் கணக்கு மட்டும் பார்ப்பவர் 1 வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும், பூஜ்ஜியத்துக்கு அது மேல்தானே. அது தெரிந்த முதல் ஆள் 99-ஐ வைத்துக்கொண்டு 1-ஐத் தள்ள வேண்டும். நடப்பது அது இல்லை. எத்தனையோ நாடுகளில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டார்கள். சராசரியாக 40 சதவீதத்தை ஒட்டித் தருகிறார்கள், பலர் சரிபாதியே தருகிறார்கள். தருவது 20 சதவீதத்துக்குக் கீழே போனால் வாங்க வேண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மூக்கறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்று கிண்டலாகச் சொல்வோமே, அதைச் சொந்தக் காசில் செய்கிறார்கள்.

ஏன் மறுக்கிறார்கள்? ஏற்றத்தாழ்வு பிடிக்கவில்லை என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் பதில். எர்ன்ஸ்ட் ஃபெர், கிளவுஸ் ஷ்மிட் இருவரும் 1999-ல் இதைக் கணிதமாகவே எழுதினார்கள்: மற்றவருக்கு என்னைவிட அதிகம் போனால் எனக்கு ஒரு வலி, எனக்கு அதிகம் வந்தாலும் ஒரு வலி, ஆனால் முதல் வலியைவிட அது பெரிதாக இருக்காது. சிக்கனமான மாதிரி, நிறைய முடிவுகளுக்குப் பொருந்தியது. ஆனாலும் அது பாதிப் பதில்தான். இதே துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை அதைக் காட்டிவிட்டது. அர்மின் ஃபால்க், ஃபெர், உர்ஸ் ஃபிஷ்பாகர் மூவரும் 2003-ல் வெளியிட்டது.

முதல் ஆளுக்கு இதில் முழுச் சுதந்திரம் இல்லை, இரண்டே வழிகள். ஒரு வழி எப்போதும் "எனக்கு 8, உனக்கு 2". இன்னொரு வழியை மட்டும் மாற்றிக்கொண்டே போனார்கள். அந்த இன்னொரு வழி "ஆளுக்கு 5" ஆக இருந்தபோது, 8-2 என்று வந்ததை 44 சதவீதம் பேர் மறுத்தார்கள். "எனக்கு 2, உனக்கு 8" என்பதே மாற்றுவழியாக இருந்தபோது மறுப்பு 27 சதவீதம். வேறு வழியே இல்லாமல் இரண்டும் 8-2 ஆக இருந்தபோது 18. மாற்றுவழி "பத்தும் எனக்கே" என்றபோது வெறும் 9. கையில் வருவது எல்லா இடத்திலும் அதே 2, ஏற்றத்தாழ்வும் அதே 6. மாறியது "உன்னால் இதைவிட நல்லதாகச் செய்திருக்க முடியுமா?" என்ற கேள்விக்கான விடை மட்டும். நாம் தொகையை மட்டும் எடைபோடுவதில்லை, மனசையும் எடைபோடுகிறோம். 2003-லேயே ஆலன் சான்ஃபி குழு மூளை ஸ்கேனோடு செய்த ஆய்விலும் இதே வாடை: அதே மோசமான பங்கு கணினியிடமிருந்து வந்தால் மக்கள் அதிகம் ஏற்றுக்கொள்கிறார்கள், மனிதரிடமிருந்து வந்தால்தான் எரிச்சல்.

சரி, சில்லறைக் காசு என்ற சந்தேகத்துக்கு வருவோம். இது நியாயமான சந்தேகம். 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஸ்டெஃபன் ஆண்டர்சன், ஊரி க்னீசி, ஜான் லிஸ்ட் முதலியோர் மேகாலயாவின் கிராமங்களுக்குப் போய் இதே ஆட்டத்தை 20 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை ஆடவைத்தார்கள். மேல்தொகை அங்கே சுமார் 1,600 மணி நேர உழைப்புக்குச் சமம். குறைந்த பங்கைத் தருமாறு முதல் ஆளைத் தூண்டும் விதத்தில் விளக்கத்தையும் எழுதியிருந்தார்கள். இல்லாவிட்டால் மறுப்பதற்கான சந்தர்ப்பமே போதுமான அளவு வந்திருக்காது. தொகை ஏற ஏற மறுப்பு குறைந்தது, உச்சத் தொகையில் ஏறக்குறைய மறைந்தே போனது. இதை வைத்து "பார்த்தீர்களா, எல்லாம் வேஷம்" என்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்க மாட்டேன். கோபத்துக்கும் ஒரு விலை இருக்கிறது, விலை ஏறினால் வாங்குவது குறைகிறது. விலை ஏறினால் பாலும் குறைவாகத்தான் வாங்குவார்கள், அதற்காகப் பால் பிடிக்காது என்று சொல்வதில்லையே.

அப்புறம் இன்னொரு ஐயம். முதல் ஆள் பாதி தருவது நல்ல மனசாலா, மறுத்துவிடுவார்களோ என்ற பயத்தாலா? பிரித்துப் பார்க்க வழி எளிது: மறுக்கும் உரிமையை எடுத்துவிட வேண்டும். முதல் ஆள் சொல்வதுதான் சட்டம். இதற்குச் சர்வாதிகாரி ஆட்டம் என்று பெயர். கிறிஸ்டோஃப் எங்கல் 2011-ல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்தபோது, தந்தது சராசரியாக 28 சதவீதம், ஒன்றுமே தராதவர்கள் 36 சதவீதம் என்று வந்தது. அதாவது பயமும் இருக்கிறது, ஆனால் முழுக்கப் பயம் இல்லை.

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது, நியாயவான் கட்சிக்குக் கொஞ்சம் சங்கடமாகவும் ஆகிறது. அந்த 28 சதவீதத்தை ஒவ்வொருவராக உரித்துப் பார்த்தார்கள். முதலில், அது யார் பணம்? ஆய்வாளர் சும்மா தந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான். டாட் செர்ரி, பீட்டர் ஃப்ரிக்ப்லோம், ஜேசன் ஷோக்ரன் மூவரும் 2002-ல் பங்கேற்பவர்களைத் தேர்வுக் கேள்விகளுக்கு விடை எழுதிப் பணத்தைச் சம்பாதிக்கவைத்தார்கள். போதாக்குறைக்கு யார் எவ்வளவு தந்தார் என்பது ஆய்வாளருக்கே தெரியாதபடி மறைத்தார்கள். 95 சதவீதத்துக்குக் குறையாத பேர் ஒரு காசும் தரவில்லை. 2007-ல் ஜான் லிஸ்ட் வேறு மாதிரி உரித்தார்: கொடுக்கலாம், வேண்டுமானால் மற்றவரிடமிருந்து ஒரு டாலர் எடுக்கவும் செய்யலாம் என்றார். அந்த ஒரு வரி சேர்ந்ததும் கொடுப்பவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். முன்பு "கொஞ்சமாவது தராவிட்டால் நான் மோசமானவன்" என்றிருந்தது, இப்போது "எடுக்காமல் விட்டாலே நான் நல்லவன்" என்று ஆகிவிட்டது.

ஜேசன் டானா, ராபர்டோ வெபர், ஜேசன் குவாங் 2007-ல் வெளியிட்டது இன்னும் கூர்மையானது. "எனக்கு 6, அவருக்கு 1" அல்லது "ஆளுக்கு 5" என்று வெளிப்படையாகக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் ஆளுக்கு 5-ஐ எடுத்தார்கள். பிறகு மற்றவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை மட்டும் மறைத்து, ஒரு பட்டனை அழுத்தினால் தெரியும், செலவு எதுவும் இல்லை என்றார்கள். 44 சதவீதம் பேர் அந்தப் பட்டனைத் தொடவே இல்லை. தெரிந்தால் நியாயமாக நடக்க வேண்டியிருக்கும், ஆகவே தெரிந்துகொள்ளவில்லை. டானா வேறு இருவருடன் செய்த 2006 ஆய்வு ஒன்றில், 10 டாலரைப் பிரிக்க வேண்டியவர்களிடம் "9 டாலரை வாங்கிக்கொண்டு போய்விடலாம், எதிராளிக்கு இப்படி ஓர் ஆட்டம் நடந்ததே தெரியாது" என்றார்கள். கால்வாசிக்கும் சற்று அதிகமானோர் அப்படியே கிளம்பிவிட்டார்கள். பத்தையும் தானே வைத்துக்கொண்டிருந்தால் ஒரு டாலர் லாபம். ஒன்பதை வைத்து ஒன்றைத் தந்திருந்தால் இன்னொருவருக்காவது போயிருக்கும். இரண்டும் செய்யாமல் ஒரு டாலரைக் கொடுத்து, தன்னை யாரும் எதிர்பார்க்காத ஓர் இடத்தை வாங்கியிருக்கிறார்கள். வாசலில் நன்கொடை கேட்டு வருபவர் மணி அடிக்கும்போது வீட்டில் ஆளே இல்லாத மாதிரி இருந்திருக்கிறீர்களா? அதேதான்.

இதுவரை இருவர் கதை. பலர் சேர்ந்தால்? குளத்தில் ஆளுக்கு ஒரு குடம் பால் ஊற்றச் சொன்ன ராஜா கதை உங்களுக்குத் தெரியும். விடிந்து பார்த்தால் குளம் முழுக்கத் தண்ணீர். அந்தக் கதையைத்தான் ஆய்வுக்கூடத்தில் பொதுப்பண்ட ஆட்டம் என்ற பெயரில் ஆடுகிறார்கள். வழக்கமான வடிவம் இது: நான்கு பேர், ஆளுக்கு 20. பொதுவில் போடும் ஒவ்வொன்றுக்கும் நால்வருக்கும் தலா 0.4 திரும்பி வரும். நான் 1 போட்டால் எனக்கு வருவது 0.4, ஆனால் குழுவுக்கு மொத்தம் 1.6. எல்லோரும் போட்டால் எல்லோருக்கும் லாபம், நான் மட்டும் போடாவிட்டால் எனக்கு இன்னும் லாபம்.

ராஜா கதை போல முதல் நாளே தண்ணீர் ஆகிவிடுவதில்லை. முதல் சுற்றில் பாதியை ஒட்டிப் போடுகிறார்கள். சுற்றுகள் போகப் போகத்தான் கரைகிறது, பத்தாவது சுற்றில் ஏறக்குறைய வறண்டுவிடும். ஃபிஷ்பாகர், சைமன் கெஷ்டர், ஃபெர் 2001-ல் "மற்றவர்கள் சராசரியாக இவ்வளவு போட்டால் நீங்கள் எவ்வளவு போடுவீர்கள்?" என்று வரிசையாகக் கேட்டு ஒரு பட்டியல் எடுத்தார்கள். சுமார் பாதிப் பேர் மற்றவர் போட்டால் தானும் போடுகிற ரகம். சுமார் 30 சதவீதம் சுத்த ஓசி. இங்கே கவனிக்க வேண்டியது அந்தப் பாதிப் பேரை. அவர்களும் மற்றவர்களுக்குச் சமமாகப் போடுவதில்லை, சராசரியைவிட ஒரு பிடி குறைத்தே போடுகிறார்கள். ஓசிக்காரர் ஒருவர் இருந்தால் போதும், சராசரி இறங்கும், அதைப் பார்த்து இவர்கள் இறங்குவார்கள், மறுபடி சராசரி இறங்கும். குளத்தைத் தண்ணீராக்குவது கெட்டவர்கள் மட்டும் இல்லை. "அவன் ஊற்றாதபோது நான் மட்டும் ஏன்?" என்று கேட்கிற நல்லவர்களும்தான்.

இதற்கு மருந்து தண்டனை என்று ஃபெரும் கெஷ்டரும் காட்டினார்கள். 2002-ல் 240 மாணவர்களோடு செய்த சோதனையில், தன் பணத்தில் 1 செலவழித்தால் இன்னொருவரிடமிருந்து 3 பிடுங்கலாம். ஒவ்வொரு சுற்றும் குழு மாறிவிடும், ஆகவே தண்டிப்பவருக்கு அதே ஆளோடு மறுபடி ஆடும் பலன் கிடையாது. ஆனாலும் 84 சதவீதம் பேர் ஒருமுறையாவது தண்டித்தார்கள், பங்களிப்பும் உயர்ந்தது. "மனிதன் பிறர் நன்மைக்காகத் தண்டிக்கிறான்" என்று கொண்டாட்டம் நடந்தது.

கொண்டாட்டம் 2008 வரைதான். பெனடிக்ட் ஹெர்மன், கிறிஸ்டியன் டோனி, கெஷ்டர் மூவரும் இதே மாதிரி ஆட்டத்தை, ஆனால் குழுவை மாற்றாமல், 16 நகரங்களில் நடத்தினார்கள். பாஸ்டன், கோபன்ஹேகன், சூரிக் போன்ற இடங்களில் தண்டனை விழுந்தது பெரும்பாலும் ஓசிக்காரர் தலையில். மஸ்கட், ஏதென்ஸ் போன்ற இடங்களில் நிறையப் போட்டவர்களையும் பிடித்து அடித்தார்கள். "பெரிய ஆள் மாதிரி காட்டிக்கொள்கிறாயா?" என்ற கோபமாக இருக்கலாம், முந்தைய சுற்றில் வாங்கிய அடிக்குப் பழியாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட இடங்களில் தண்டனை ஒத்துழைப்பை உயர்த்தவில்லை. ஒரே விதி, ஒரே ஆட்டம், ஊருக்கு ஊர் எதிரெதிர் விளைவு. தண்டனை பற்றி யாராவது பொதுப்படையாகப் பேசினால் நான் கேட்கும் முதல் கேள்வி, யாரை அடிப்பது நியாயம் என்று அங்கே ஒத்த கருத்து இருக்கிறதா என்பதுதான்.

இஸ்ரேலின் ஹைஃபாவில் க்னீசியும் ஆல்டோ ருஸ்திகினியும் செய்த ஆய்வு (2000) இதற்குப் பங்காளி. குழந்தைக் காப்பகங்களில், பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டதும் தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. "ஆசிரியரைக் காக்கவைக்கிறோமே" என்ற கூச்சம் இருந்த இடத்தில் ஒரு விலைச்சீட்டு ஒட்டப்பட்டுவிட்டது.

ஊருக்கு ஊர் வேறுபாடு பற்றிச் சொல்லும்போது ஜோசஃப் ஹென்ரிக் குழுவை விட முடியாது. 15 சிறு சமூகங்களில் அல்டிமேட்டம் ஆட்டத்தை ஆடிப் பார்த்தார்கள். பெருவின் மச்சிகெங்கா மக்கள் சராசரியாக 26 சதவீதம் தந்தார்கள், வாங்கியவர்களும் பெரிதாக முகம் சுளிக்கவில்லை. இந்தோனேசியாவில் கூட்டாகத் திமிங்கில வேட்டைக்குப் போகிற லமலேரா மக்கள் தந்தது 58 சதவீதம். பப்புவா நியூ கினியின் ஔ, க்னௌ மக்கள் பாதிக்கு மேல் தந்தாலும் மறுத்தார்கள், ஏனென்றால் பெரிய பரிசை வாங்குவது அங்கே கடன்படுவது. கென்யாவின் ஓர்மா மக்கள் பொதுப்பண்ட ஆட்டத்தைப் பார்த்தவுடன் இது ஹராம்பே ஆட்டம் என்றார்கள், ஊர்ப் பொதுவேலைக்குப் பணம் திரட்டும் அவர்களுடைய ஏற்பாட்டின் பெயர் அது. இதில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. யாரும் "புதிய ஆட்டம்" ஆடுவதில்லை. தனக்குத் தெரிந்த எந்த வாழ்க்கைச் சூழல் மாதிரி இது இருக்கிறது என்று பார்த்து, அதன் வழக்கப்படி ஆடுகிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் வர்தா லிபர்மன், ஸ்டீவன் சாமுவெல்ஸ், லீ ராஸ் ஒரே ஆட்டத்தைச் சிலருக்கு "வால் ஸ்ட்ரீட் ஆட்டம்" (வால் ஸ்ட்ரீட் என்றால் அமெரிக்கப் பங்குச்சந்தை உலகம்) என்றும் சிலருக்கு "சமூக ஆட்டம்" என்றும் சொல்லி ஆடவைத்தபோது, முதல் பெயரில் ஒத்துழைத்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாவதில் மூன்றில் இரண்டு பங்கு. விதிகளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

மற்றவர்களின் தாக்கம் பற்றித் தனியாகவும் கொஞ்சம். "பெரும்பாலோர் இப்படிச் செய்கிறார்கள்" என்று சொல்வது வேலை செய்கிறது, ஆனால் விற்கப்படுகிற அளவுக்கு இல்லை. சூரிக் பல்கலைக்கழக மாணவர்களிடம் புருனோ ஃப்ரையும் ஸ்டெஃபன் மையரும் மாணவர்களுக்கு உதவும் நிதிக்குப் பணம் தந்தவர்கள் 64 சதவீதம் என்று சிலருக்கும் 46 சதவீதம் என்று சிலருக்கும் சொன்னார்கள் (இரண்டுமே உண்மைதான், கணக்கெடுத்த காலம் வேறு). வித்தியாசம் சில சதவீதப் புள்ளிகள். எப்போதும் தருபவரும் எப்போதும் தராதவரும் அசையவில்லை, நடுவில் ஊசலாடுகிறவர்தான் சாய்ந்தார். அமெரிக்காவில் அண்டைவீட்டு மின்செலவோடு ஒப்பிட்டு வீடுகளுக்கு அனுப்பிய அறிக்கைகளால் மின்பயன்பாடு குறைந்தது சராசரியாக 2 சதவீதம். செலவைப் பார்த்தால் அது மோசமில்லை. ஆனால் கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸில் நடந்த 2007 ஆய்வு ஒன்று எச்சரித்தது: சராசரியைவிடக் குறைவாகச் செலவழித்து வந்தவர்கள் அதைத் தெரிந்துகொண்டதும் கூட்ட ஆரம்பித்தார்கள். அறிக்கையில் ஒரு சிரித்த முகத்தை வரைந்ததும் அது நின்றது.

ஒரு எச்சரிக்கை. ஹோட்டல் துண்டு, கண் படம் போன்ற புகழ்பெற்ற கதைகளை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். "இந்த அறையில் தங்கியவர்களில் பெரும்பாலோர் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள்" என்ற அட்டை அமெரிக்காவில் பிரமாதமாக வேலை செய்தது, ஜெர்மன் ஹோட்டல்களில் அப்படி வரவில்லை. உண்டியல் மேல் கண் படம் ஒட்டினால் காசு கூடும் என்ற முடிவும் பிந்தைய தொகுப்பாய்வுகளில் தாக்குப்பிடிக்கவில்லை. படக்கண் வேறு, நிஜக்கண் வேறு. கலிஃபோர்னியாவில் மின்தட்டுப்பாட்டைத் தடுக்கும் திட்டத்துக்கு ஆள்சேர்த்தபோது, குறியீட்டு எண்ணுக்குப் பதிலாக அண்டைவீட்டார் பார்க்கும் பலகையில் பெயரை எழுதவைத்ததும் சேர்ந்தவர்கள் மூன்று மடங்கானார்கள். 25 டாலர் பரிசு அந்த அளவுக்கு இழுக்கவில்லை.

கடைசியாக, ஆய்வுக்கூடத்தை நம்பலாமா என்ற கேள்வி. எண்ணை நம்பாதீர்கள், திசையை நம்பலாம். "மனிதர்கள் 28 சதவீதம் தருவார்கள்" என்பது அந்த அறைக்கு மட்டுமே உரிய எண். பார்க்கப்படுவதும் சும்மா வந்த பணமும் அதை ஊதிவிட்டிருக்கின்றன. ஆனால் எதை மாற்றினால் எந்தப் பக்கம் சாயும் என்பது வெளியிலும் நிற்கிறது. எமிலி ப்ரெசா, சுப்ரீத் கௌர், யோகிதா ஷம்தசானி 2018-ல் வெளியிட்ட ஒடிசா ஆய்வைப் பாருங்கள். ஒரு மாதம் நிஜ வேலை, நிஜக் கூலி, மூவர் கொண்ட குழுக்கள். சில குழுக்களில் எல்லோருக்கும் ஒரே கூலி, சிலவற்றில் ஆளுக்கு ஆள் வேறு. தன் கூலி அதேதான், ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கு அதிகம் என்று தெரிந்தவர்களின் உற்பத்தி குறைந்தது, வேலைக்கு வருவதும் குறைந்தது. வராத நாளுக்குக் கூலி கிடையாது, அப்படியும் வரவில்லை. அல்டிமேட்டம் ஆட்டத்தில் 2-ஐத் தூக்கிப் போட்ட அதே கைதான் இது. ஆனால் யார் எவ்வளவு உற்பத்தி செய்கிறார் என்பது பார்த்தாலே தெரிகிற வேலைகளில், அதிகம் வாங்குபவர் உண்மையிலேயே அதிகம் செய்கிறவராக இருந்தபோது, அந்தச் சுணக்கம் ஏற்படவில்லை. கூலி வித்தியாசம் அங்கேயும் இருந்தது. அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது.